வேடத் தலைக்கவசமும் வெற்றிட உருவமைப்பும்

நாடக உறுப்புக்களுள் ஆகாரியம் எனப்படும் வேடப் புனைவு பற்றித் தமிழில் எழுந்த ஆய்வுகள் மிகச் சில. மட்டக்களப்புக் கூத்தின் பாட்டும் ஆட்டமும் தாளக்கட்டும் ஆராயப்பட்ட அளவிற்கு அதன் முடியும் உடுப்பும் ஆராயப்படவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிற் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களை மேடையேற்றிய பின்னர் அண்ணாவிமாரின் புலமை பல்கலைக்கழக உலகின் மதிப்பைப் பெற்றது. முடி செய்வோரின் புலமைக்கு அத்தகைய மதிப்பு இன்றுங் கிட்டவில்லை. வடமோடி அரசனின் கிரீடத்தைத் தலையிலேற்றி விடியும்வரை ஆடுபவனுக்கு அதன் பாரம் தெரியும். அப்பாரத்தைக் குறைக்கும் வழி அதைச் செய்தவனுக்குத் தெரியும். அவ்வறிவு எழுத்தில் ஏறவில்லை.

இக்கட்டுரை கிரீடத்தைப் பற்றியதன்று; அதன் இளைய உறவாகிய வேடத் தலைக்கவசத்தைப் பற்றியது. அதிலும் தலைக்கவசத்தின் முன்புறத்தே முகத்தை மூடி நிற்கும் ஒளிபுகு தகட்டை வீட்டிலேயே செய்து கொள்வது எங்ஙனம் என்பதே இங்கு விளக்கப்படும். மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோர் அதனைக் கண்ணாடி என்றே வழங்குவர். அது கண்ணாடியன்று, பிளாத்திக்கு. எனினும் வழக்குச் சொல்லை விலக்காது ஈண்டு முகப்புக் கண்ணாடி என்றே குறிப்போம். பாடசாலை மேடையில் விண்வெளி வீரனாக நிற்க விரும்பும் ஒரு பிள்ளைக்குக் கடதாசிக் கூழாலும் மட்டையாலும் தலைக்கவசம் செய்து கொடுத்துவிடலாம். முகப்புக் கண்ணாடியிலேதான் கை தடைப்படும். தட்டையான தாளை எவ்வளவு வளைத்தாலும் அது உருண்டை முகங் கொள்வதில்லை.

இத்தகைய பொருளைத் தமிழில் எழுதப் புகுவதற்குக் காரைதீவு பொருத்தமற்ற இடமன்று. 1892 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆந் திகதி இவ்வூரிற் பிறந்த மயில்வாகனம், பின்னாளில் விபுலாநந்த அடிகள், தமிழ்ப் பண்டிதராவதோடு விஞ்ஞானத்திலும் முறையான பயிற்சி பெற்றவர், விஞ்ஞானம் கற்பித்தவர், 1936 ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். நாடகத்திற்கு மதங்க சூளாமணியும் இசைக்கு யாழ் நூலும் தந்தவரே வேதியியலுக்குத் தமிழ்ச் சொல் தேடியவரும் ஆவார். யாழ் நூல் வெறும் இலக்கிய ஆராய்ச்சியன்று. மறைந்துபோன கருவியொன்றின் வடிவத்தையுங் கணக்கையும் மீட்டெடுக்க முயன்ற நூல் அது. கலைக்குரிய பொருளைக் கைத்தொழிற் கண்கொண்டு நோக்கும் அம்மரபில் நின்றே பின்வருவனவற்றைக் கூற விழைகிறோம்.

முதலிற் சொல்லைப் பற்றி. பிளாத்திக்குத் தகட்டைச் சூடாக்கி இளகச் செய்து, ஓர் அச்சின்மேற் படியவிட்டு, தகட்டிற்கும் அச்சிற்கும் இடைப்பட்ட வளியை அகற்றி உருவங் கொள்ளச் செய்யும் முறையைச் சிலர் வெற்றிட வார்ப்பு என்பர். அது பொருந்தாது. வார்ப்பு என்பது உருகிய திரவத்தை ஊற்றுதல். இங்கு எதுவும் உருகுவதில்லை, ஊற்றப்படுவதுமில்லை. வெற்றிட உருவாக்கம் என்றால் வெற்றிடத்தை உருவாக்குதல் எனவும் பொருள்படும். ஆதலின் வெற்றிட உருவமைப்பு என்னுஞ் சொல்லை இங்குக் கையாள்கிறோம். இதனினுஞ் சிறந்த சொல் கிட்டுமாயின் இதனைக் கைவிடத் தடையில்லை.

சொல்லைவிடப் பெரிய மயக்கம் ஒன்றுண்டு. வெற்றிடம் தகட்டை இழுக்கிறது என்றே பலரும் எண்ணுவர். வெற்றிடத்திற்கு இழுக்கும் ஆற்றல் யாதுமில்லை. இளநீரிற் குழாயை விட்டு உறிஞ்சும்போது வாய் நீரை இழுப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் வாயினுள் வளியமுக்கம் குறைய, கோம்பையினுள்ளே நீரின் மேற்பரப்பை அழுத்தும் வெளிவளி நீரைக் குழாய்வழியே மேலே தள்ளுகிறது. 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியில் தொரிசெல்லியும் யேர்மனியில் குவெரிக்கேயும் நிறுவிக் காட்டியது இதுவே. குவெரிக்கே ஒன்றோடொன்று பொருத்திய இரு செப்பு அரைக்கோளங்களினுள்ளிருந்து வளியை அகற்றினார். இருபுறமும் குதிரைகள் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரித்தல் அரிதாயிற்று. அரைக்கோளங்களை இணைத்து வைத்தது உள்ளேயிருந்த வெறுமையன்று, வெளியேயிருந்த வளி.

இவ்வளி எத்துணை வலியது? கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 101 கிலோபாசுக்கல். அதாவது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறை வைத்தாற்போன்ற அழுத்தம். 30 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் நீளமுங் கொண்ட தகட்டின் பரப்பு 1200 சதுர சென்ரிமீற்றர். அதன் அடிப்புறத்து வளி முழுவதையும் அகற்ற முடியுமாயின் மேற்புறத்து வளி 1200 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையோடு அதனை அச்சின்மேல் அழுத்தும். வீட்டில் தூசு உறிஞ்சும் இயந்திரம் அத்துணை வெற்றிடத்தைத் தராது. ஏறத்தாழ ஐந்திலொரு பங்கையே தரும். அப்பொழுதும் 240 கிலோகிராம் எஞ்சுகிறது. நான்கு பேர் ஏறி நிற்பது போன்ற இவ்விசை ஒரு சிறு முகப்புக் கண்ணாடிக்குப் போதும். இதனைச் செய்பவரிற் பலர் இயந்திரத்தின் வலிமையைப் பற்றியே கவலையுறுவர். கவலையுறவேண்டியது அச்சின் வலிமையைப் பற்றி. உள்ளே பொள்ளான பாரிசுச் சாந்து அச்சும் மெல்லிய பலகைப் பெட்டியும் இவ்விசையில் நொறுங்கிவிடும். (நுவரெலியாவில் இதே வேலையைச் செய்பவருக்கு வளிமண்டலம் தரும் உதவி ஏறத்தாழ ஐந்திலொன்று குறைவு. காரைதீவுக் கடற்கரையில் அது முழுமையாகக் கிடைக்கிறது. செலவின்றிக் கிடைப்பது அது ஒன்றே.)

இனி, இம்முறை உண்மையில் வேண்டுந்தானா என்ற வினா எழும். பனையோலையைச் சுருட்டிக் குழலாக்கலாம், கூம்பாக்கலாம், மடித்துப் பெட்டியும் இழைக்கலாம். ஆனால் ஓர் ஓலையைக் கிழியாமலும் மடியாமலும் தேங்காயின்மேற் படியவைக்க எவராலும் இயலாது. காரணம் கைத்திறக் குறைவன்று; வடிவக் கணிதம். ஒரு திசையில் மட்டும் வளைந்த பரப்பு தட்டையாக விரியக் கூடியது. இரு திசைகளிலும் வளைந்த பரப்பு அவ்வாறு விரியாது. 1827 ஆம் ஆண்டு கவுசு என்னும் யேர்மனியக் கணிதவியலாளர் நிறுவிய தேற்றம் இதன் அடிப்படையாகும். பரப்பை நீட்டாமலுஞ் சுருக்காமலும் அதன் உள்ளார்ந்த வளைவை மாற்றல் ஆகாது. ஆகவே வேடத் தலைக்கவசத்தின் முகப்பு ஒரு தகரப்பேணியின் பக்கம்போல் ஒரு திசையில் மட்டும் வளைந்திருப்பின், அதற்கு அச்சும் வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம். மெல்லிய ஒளிபுகு தகட்டை வெட்டி வளைத்து இரு ஓரங்களிலும் தறைந்துவிட்டாற் போதும். 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது உலகெங்கும் மருத்துவமனைகளுக்கென வீடுகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அவசரமாகச் செய்யப்பட்ட முகமறைப்புக்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. விண்வெளி வீரனின் உருண்டைத் தலைக்கவசத்திற்கு மட்டுமே தகட்டை நீட்டவேண்டிய தேவை எழுகிறது. வேலையைத் தொடங்குமுன் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கொள்பவர் பெருஞ்செலவைத் தவிர்த்துக் கொள்வர்.

நீட்டுதற்கு இடந்தருவது தகட்டின் உள்ளமைப்பு. பிளாத்திக்குக்களில் ஒருவகை ஒருமுறை இறுகியபின் மீண்டும் இளகாதது. மின்னாளிகளின் கறுப்பு மூடிகள் அத்தகையன. மற்றையது வெப்பத்தால் இளகிக் குளிரால் இறுகி, மீண்டும் இளகக் கூடியது. இவ்விரண்டாம் வகையில் நெடிய பல்பகுதியச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றையொன்று வேதிப் பிணைப்பாற் பற்றிக்கொள்ளவில்லை. குறித்த வெப்பநிலையைக் கடந்ததும் அவை அசையத் தொடங்குகின்றன. தகடு உருகாமலே இறப்பர்போல் நெகிழ்கிறது. அந்நிலையில் நீட்டிக் குளிரவிட்டாற் புதிய வடிவம் உறைந்து நிற்கும். உறைந்ததேயன்றி மறந்ததன்று: அதே தகட்டை மீண்டுஞ் சூடாக்கின் அது தன் பழைய தட்டை வடிவை நோக்கி மீளும். பிழைத்துப்போன முகப்புக் கண்ணாடியை எறியாமல் மீண்டும் ஒருமுறை முயல இப்பண்பு ஓரளவு இடந்தருகிறது.

ஒளிபுகு தகடுகள் மூன்று எளிதிற் கருதத்தக்கன. பெட்ஜி எனப்படுவது ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் நெகிழத் தொடங்கும். 120 முதல் 160 பாகைக்குள் உருவமைக்கலாம். அக்கிரிலிக்கு 105 பாகையளவில் நெகிழும். உருவமைக்க 150 முதல் 180 பாகை வேண்டும். தெளிவிற் சிறந்தது, ஆயின் அடிபட்டால் வெடிக்கும். பொலிகாபனேற்று 150 பாகையளவில் நெகிழ்ந்து, 170 இற்கு மேலேதான் உருவங் கொள்ளும், உடைவதற்கு அரியது. 1969 ஆம் ஆண்டு சந்திரனில் இறங்கியோர் அணிந்த உருண்டைத் தலைக்கவசம் இப்பொலிகாபனேற்றாற் செய்யப்பட்டது. பிள்ளை அதனையே வேண்டுவான். எனினும் நம் கரைக்கு அது உகந்ததன்று என்பது எம் கருத்து. பொலிகாபனேற்று வளியிலுள்ள ஈரத்தைச் சிறிது உறிஞ்சி வைத்திருக்கும் இயல்பினது. அவ்வீரம் உருவமைக்கும் வெப்பநிலையில் ஆவியாகித் தகடெங்கும் நுண்குமிழிகளை எழுப்பும். ஒளிபுகு முகப்பு பாலாடைபோல் மங்கும். அதனைத் தவிர்க்கத் தகட்டை முன்னதாகவே 120 பாகையளவிற் பல மணிநேரம் உலர்த்தவேண்டும். கடற்காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் நிறைந்துள்ள ஊரில் இவ்வுலர்த்தல் தவிர்க்கவியலாதது, மின்கட்டணமோ பெரிது. பெட்ஜி தாழ்ந்த வெப்பநிலையில் உருவங்கொள்வதால் இத்தொல்லை குறைவு. நாடக மேடைக்கு அது போதும்.

பிவிசி எனப்படும் தகட்டை மட்டும் எக்காரணங் கொண்டும் அளவு மீறிச் சூடாக்கலாகாது. அது சிதையும்போது ஐதரசன் குளோரைட்டு வாயு வெளிப்பட்டு மூச்சுக்குழாயை அரிக்கும். எத்தகடாயினும் கதவு யன்னல் திறந்த இடத்திலேயே சூடாக்கல் வேண்டும். உணவு வேகும் போறணையை இதற்குப் பயன்படுத்தாதிருத்தல் நன்று.

வேலையின் உயிர் அச்சிலே உள்ளது. தலைக்கவசத்தின் முன்புற வளைவைக் களிமண்ணிற் பிடித்து, அதிலிருந்து பாரிசுச் சாந்தாற் கெட்டியான அச்சொன்றை எடுக்கலாம். நன்கு காய்ந்த மரத்திலுஞ் செதுக்கலாம். அதன் பக்கங்கள் செங்குத்தாய் இராமல் கீழ்நோக்கி மூன்று முதல் ஐந்து பாகைவரை விரிந்திருத்தல் வேண்டும். இன்றேல் குளிர்ந்து சுருங்கிய தகடு அச்சை இறுகப் பற்றிக் கழல மறுக்கும். முகப்புக் கண்ணாடிக்கு வேண்டிய அளவிற்கும் மேலாக அச்சின் உயரத்தை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூட்டிவிடுவதும் அவசியம். தகடு தளத்தைத் தொடுமிடத்திலே மடிப்புக்கள் விழும். அவை வெட்டியெறியும் பகுதியில் விழட்டும்.

சாதாரண வெண்பிளாத்திக்கிற் பொருந்தும் இலக்கணம் ஒளிபுகு தகட்டிற் பொருந்தாத இடம் ஒன்றுண்டு. இளகிய தகடு அச்சின் ஒவ்வொரு கீறலையும் ஒவ்வொரு தூசியையும் படியெடுக்கும். வெண்தகட்டில் அவை புறத்தே தெரியா. ஒளிபுகு தகட்டில் அத்தனையுந் தெரியும். ஆதலால் அச்சை அரத்தாளால் நீர்விட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவர். அங்கேயும் எல்லையுண்டு. கண்ணாடிபோல் மினுங்கும் அச்சில் தகடு ஒட்டிக்கொள்ள, இடையே வளி சிறைப்பட்டு வட்ட வட்டமான வடுக்களை விட்டுச் செல்லும். மிகச் சிறிதே சொரசொரப்பான பரப்பிலேதான் வளி ஓடிப்போக வழியுண்டு. மென்மையான பிளானல் துணியை அச்சின்மேல் இழுத்துப் போர்த்திச் செய்வது பழைய தொழிற்சாலைகளின் உபாயம். இவை யாவற்றினுஞ் சிறந்த வழி, தகட்டை அச்சே தொடாதிருக்கச் செய்தல். வட்டமான துளையுள்ள பலகையில் தகட்டின் ஓரத்தைக் கவ்வி, இளகியதும் ஒருபுறத்து அமுக்கத்தை மாற்றினால் தகடு சவர்க்காரக் குமிழிபோல் தானே புடைக்கும். எதையுந் தொடாத பரப்பில் எக்கறையும் விழாது. ஆனால் இவ்வழியிற் குமிழி வடிவம் ஒன்றே கிடைக்கும். மூக்கும் தாடையும் உள்ள வடிவத்திற்கு அச்சின்றி ஆகாது.

அச்சைத் தாங்கும் பெட்டி எளியது. உறுதியான பலகையால் ஒரு பெட்டி. அதன் மேற்றளத்தில் இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் சிறு துளைகள். பக்கத்திலே தூசு உறிஞ்சியின் குழாய் நுழைய ஒரு வாய். மூட்டுக்கள் யாவும் வளிபுகாது அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அச்சிலே பள்ளமான இடங்கள் இருப்பின் அங்கும் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத துளைகளைத் துறப்பணத்தாலிட்டு அடிவரை கொண்டுசெல்க. துளை பெரிதாயின் தகடு அதனுட் புகுந்து முளைவிடும்.

தகட்டை இரு மரச்சட்டங்களுக்கிடையே நாற்புறமுங் கவ்வி, மின்போறணையின் வெப்பத்தில் வைப்பர். முதலிலே தகடு அலை அலையாக நெளியும். அதனைக் கண்டு எடுத்துவிடலாகாது. பின்பு மீண்டும் தட்டையாகி, அதன்பின் நடுப்பகுதி கீழே தொங்கத் தொடங்கும். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தொங்கியதும் பருவம். வெப்பமானியைவிடக் கண் இங்கே நம்பத்தக்கது. பாகின் கம்பிப்பதம் பார்க்கும் கைக்கு இது புதிதன்று. போறணையிலிருந்து எடுத்த கணத்திலிருந்து சில வினாடிகளே கையிலுள்ளன. உறிஞ்சியை முன்னதாகவே ஓடவிட்டு, சட்டத்தைத் தயங்காமல் அச்சின்மேல் இறக்கிப் பெட்டியின் தளத்தோடு அழுத்தவேண்டும். ஓரங்கள் அடைபட்ட மறுகணமே தகடு அச்சிற் படிந்துவிடும். இதனை முதன்முறை காண்பவர் அதன் விரைவிலே வியப்புறுவர்.

படிந்த தகடு எங்கும் ஒரே தடிப்பாயிராது. அரைக்கோளத்தின் பரப்பு அதன் வாய்வட்டத்தின் பரப்பைப்போல் இரு மடங்கு. ஆகவே 2 மில்லிமீற்றர்த் தகடு அரைக்கோளமாகும்போது சராசரித் தடிப்பு 1 மில்லிமீற்றராகக் குறைகிறது. அதுவும் சராசரியே. அச்சை முதலில் தொட்ட உச்சி உடனே குளிர்ந்து தன் தடிப்பைக் காத்துக்கொள்ளும். பின்னர் தொடும் பக்கங்களே நீட்சி முழுவதையுந் தாங்கி மெலியும். காதருகே தறைகள் ஏறவேண்டிய இடம் இவ்வாறு மெலிந்த இடமாகவே அமைவது இம்முறையின் குறை. அங்கே உட்புறம் ஒரு பட்டை வைத்து ஒட்டுவர்.

வெட்டி அரத்தால் ஓரந்தேய்த்த முகப்புக் கண்ணாடி, பரப்பு 600 சதுர சென்ரிமீற்றரும் சராசரித் தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றருமாயின், 115 கிராம் அளவே நிறைகொள்ளும். உண்மைக் கண்ணாடியாயின் இருமடங்கு. அணிந்தபின் எழும் தொல்லை ஒன்றே: மூச்சின் ஈரம் உட்புறத்திற் படிந்து முகப்பை மறைக்கும். தாடையின் கீழும் நெற்றியின் மேலும் காற்றுவழி விட்டால் வெப்பமான மூச்சு தானே மேலெழுந்து வெளியேறும். வெளியிலே புழுக்கமும் ஈரமும் மிக்க நாளில் இதுவும் முழுப்பயன் தராது. நடிகன் காட்சிக்கிடையே கவசத்தைக் கழற்றத்தான் வேண்டும். இது மேடைக்குரிய முகப்பேயன்றித் தெருவிற்குரியதன்று என்பதையும் வற்புறுத்துதல் கடன். வீட்டிற் செய்த கவசத்துடன் மோட்டார்ச் சைக்கிளில் ஏறலாகாது.

இம்முறை முற்றிலும் மேனாட்டு நூதனம் என்று கருதுவார் நாட்டிய சாத்திரத்தின் ஆகாரியப் பகுதியை நோக்குதல் நன்று. தலைவேடம் செய்யும் முறையை அந்நூல் தொழிலாளன் நோக்கில் விளக்குகிறது. துணியில் வில்வக் கூழ் பூசி உருவமைத்து, வெயிலிலோ தீயிலோ உலர்த்தி, உலர்ந்தபின் கூரிய கருவியால் வெட்டித் துளையிடவேண்டும்; அது மிகத் தடிப்பாகவும் இருத்தலாகாது, மிக மெல்லியதாகவும் இருத்தலாகாது. இளகிய நிலையிலே வடிவங் கொடுத்து, இறுகியபின் வெட்டுதல் என்னும் தொழில்முறையும், தடிப்பைப் பற்றிய கவலையும் அங்கே முன்னமே உள்ளன. மாறியது பொருள், வில்வக் கூழின் இடத்தைப் பல்பகுதியம் பிடித்தது.

இப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. அக்கிரிலிக்குத் தகடு 1930களில் யேர்மனியிலும் இங்கிலாந்திலும் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் தலைக்குமேல் ஒளிபுகு கூடாக அது பெருமளவிற் பயன்பட்டது. இருதிசையிலும் வளைந்த ஒளிபுகு பரப்பைச் செய்யும் நுட்பம் போரின் தேவையால் வளர்ந்தது; நாடகத்தின் தேவையாலன்று. அப்போரின் எச்சம் ஒன்று தமிழ்நாட்டிலும் உண்டு. உடைந்த விமானக் கூட்டின் துணுக்குகள் விமானிகளின் கண்ணிற் புதைந்துங் கண் அவற்றை வெறுக்காததைக் கண்ட ஆங்கில மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, 1949 ஆம் ஆண்டு அதே பொருளாற் செய்த வில்லையைக் கண்ணினுட் பொருத்தினார். 1992 இல் மதுரையில் தொடங்கிய ஓரோலாப் அத்தகைய வில்லைகளை எளியோர்க்கும் எட்டும் விலையிற் செய்தளித்தது. ஒரு பொருள் யார் கையிற் சேர்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் மாறுகிறது.

வேடத் தலைக்கவசத்தின் வரலாற்றிலும் இவ்வினா எழுந்தது. 1976 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அன்ட்ரூ ஐன்ஸ்வேத் என்பவர் ஸ்ரார் வோர்ஸ் திரைப்படத்திற்கென வெற்றிட உருவமைப்பினால் வெண்ணிறப் போர்வீரர் தலைக்கவசங்களைச் செய்தார். ரால்ஃப் மக்குவாரி என்னும் ஓவியர் தீட்டியதையும் நிக் பெம்பர்ட்டன் களிமண்ணிற் பிடித்ததையும் ஆதாரமாகக் கொண்டு அவர் முன்மாதிரிகளைச் செய்ய, இயக்குநர் ஜோர்ஜ் லூக்கஸ் இசைந்தபின் 50 கவசங்கள் படத்திற்காக வெளிவந்தன. 2004 இல் ஐன்ஸ்வேத் தம்மிடமிருந்த கருவிகளைக் கொண்டு அத்தகைய கவசங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். லூக்கஸின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க நீதிமன்றம் 2006 இல் அவருக்கெதிராக 2 கோடி டொலர் விதித்தது. இங்கிலாந்தில் மேல் நீதிமன்றம் 2008 இலும், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009 இலும், உயர் நீதிமன்றம் 2011 யூலை 27 இலும் தீர்ப்பளித்தன. வழக்கின் மையவினா நம் துறைக்குரியது: வேடத் தலைக்கவசம் சிற்பமா? சிற்பமாயின் நெடுங்காலப் பதிப்புரிமை உண்டு, இல்லையெனின் இல்லை. உயர் நீதிமன்றம் அது சிற்பமன்று என்றது. திரைப்படமே கலைப்படைப்பு, கவசம் அப்படைப்பை ஆக்கும் செயலிற் பயன்பட்ட பொருள் என்பது அதன் கருத்து. ஆதலின் ஐன்ஸ்வேத் இங்கிலாந்திற் கவசம் செய்வதை அப்பதிப்புரிமையால் தடுக்க முடியவில்லை. எனினும் அமெரிக்கப் பதிப்புரிமை பற்றிய வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்றும் அந்நீதிமன்றம் கூறிற்று.

இத்தீர்ப்பைத் தொழிலாளியின் வெற்றி என்று கொண்டாடுவதற்கில்லை. தனக்கே பதிப்புரிமை உண்டென ஐன்ஸ்வேத் தொடுத்த எதிர்க்கோரிக்கை தோற்றது. தீட்டியவர், பிடித்தவர், அச்சிற் படிவித்தவர் என மூவர் கை பட்ட பொருளில் மூவருக்கும் உரிமை இல்லை. கவசம் பயன்பொருள் என்று கூறப்பட்டமையால் அவருக்குச் செய்து விற்கும் சுதந்திரம் கிடைத்தது. அதே வாயினால் அவர் செய்தது கலையன்று என்றும் கூறப்பட்டது. முடியைக் கூத்தின் துணைப்பொருளாக மட்டும் எண்ணி, செய்தவரைக் குறியாது விடும் நம் வழக்கத்திற்கும் இந்நீதிமன்ற நோக்கிற்கும் வேறுபாடு பெரிதன்று.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இவ்விடயத்திற் சற்று வேறான நிலையுடையது. அச்சட்டம் நாட்டாரியல் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. நாட்டார் ஆடல், நாட்டார் நாடகம் ஆகியவற்றோடு மரவேலை, கைப்பணி, உடுப்பு என்பனவற்றையும் அவ்வெளிப்பாடுகளுள் எண்ணுகிறது. கூத்துமுடி இவற்றுள் அடங்கும் என்று வாதிடலாம். ஆயின் அவற்றை வணிக நோக்கிற் பயன்படுத்த இசைவளிக்கும் உரிமை, அமைச்சரால் தீர்மானிக்கப்படும் அதிகாரபீடத்திற்கு உரியதேயன்றி, முடி செய்தவருக்கோ அவர் ஊருக்கோ உரியதன்று. சமுதாயத்தின் பொதுச்சொத்து என்று பாராட்டுவதும் தனியொருவனின் உழைப்பை மறப்பதும் இங்கே ஒருசேர நிகழ்கின்றன.

வெற்றிட உருவமைப்பில் உழைப்பு முழுவதும் அச்சிலே தேங்கியிருக்கிறது. அச்சைச் செதுக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதிலிருந்து ஒரு படி எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். அச்சு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே வடிவம் இருக்கிறது. இதனாலே பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ இவ்வேலையைத் தொடங்குவோர் அச்சை யார் பொறுப்பில் வைப்பது, படி எடுக்க யார் இசைவு வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி வைத்தல் வேண்டும். மற்றொன்றும் செய்யலாம். அச்சிலே செதுக்குபவரின் பெயரையும் ஆண்டையும் ஒரு மில்லிமீற்றர் ஆழத்திற் செதுக்கினால், எடுக்கப்படும் ஒவ்வொரு தகட்டிலும் அவை தாமே பதியும்; புறத்தேயிருந்து நோக்குவார்க்கு நேராகவே வாசிக்கக் கிடைக்கும். எழுத்தின் பள்ளங்களில் வளி தங்காதிருக்க நுண்துளைகள் இடவேண்டும். எழுத்து அமையும் இடத்தையுங் கவனிக்க வேண்டும். அச்சின் அடியோரத்திற் செதுக்கினால் அது வெட்டுக்கோட்டிற்கு வெளியே நின்று கழிவுத்தகட்டோடு போய்விடும். காதருகே, தறை ஏறும் பட்டைக்குச் சற்று மேலே, பார்வையை மறைக்காத இடத்திற் செதுக்குக.